வீட்டோடு லெட்டர்பிரஸ்: குடும்ப நேரத்தைத் தின்னும் தவறுகள்

லெட்டர்பிரஸ், அதாவது மேடான எழுத்தில் மை பூசித் தாளில் அழுத்தி அச்சடிக்கும் வேலையை, நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. மை ஏறி, ரெஜிஸ்டர் விழுந்து (அச்சு தாளில் சரியான இடத்தில் பொருந்தி), அழுத்தம் ஒத்துவந்த பிறகு மெசினை அப்படியே விட்டுவிட்டு எழும்பிப் போனால், திரும்பி வரும்போது மை தோல் கட்டியிருக்கும், நிறம் மாறியிருக்கும். ரோலரை மைத் தட்டின்மேலேயே விட்டிருந்தால் அதில் தட்டையான தழும்பு விழுந்திருக்கும். பிள்ளையைப் பாடசாலையில் இருந்து கூட்டி வருவதையும் ஒத்திவைக்க முடியாது. கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீட்டு முன்னறையிலோ அனெக்ஸிலோ சின்னதாக இந்தத் தொழிலை நடத்துகிறவர்களுக்கு வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த இரண்டும் மோதுகிற இடத்தில்தான் முளைக்கின்றன. மை போடுமுன் யோசித்தால் தவிர்க்கக்கூடியவை அவை.

காட்டை எண்ணுவது, ஓட்டத்தை எண்ணாமல் விடுவது

முதலாவதும் மிகப் பெரியதும் இந்தத் தவறுதான். "200 காட்தானே, ஒரு காலையில் முடியும்" என்று வாய் தவறிச் சொல்லிவிடுகிறோம். லெட்டர்பிரஸ்ஸில் நேரத்தைத் தீர்மானிப்பது காட்டின் எண்ணிக்கை அல்ல, மெசினில் எத்தனை தடவை ஏற்ற வேண்டும் என்பதுதான். ஒவ்வொரு நிறமும் தனி ஓட்டம். கடித உறை இன்னொரு ஓட்டம்.

ஒரு கணக்குப் பார்ப்போம். இரண்டு நிறத்தில் 200 கல்யாணக் காட், உறையின் பின்புறம் ஒரு நிறத்தில் முகவரி. மொத்தம் 3 ஓட்டங்கள். பிளேட்டை, அதாவது அச்சுத் தகட்டைப் பொருத்தி, அச்சடிக்கும் தாளுக்குப் பின்னால் வைக்கும் பெக்கிங் தாள்களைச் சரிபார்த்து, ரெஜிஸ்டர் பிடிக்க ஒன்றேகால் மணித்தியாலம். பழுதாகப் போவதற்கு 15 சதவீதம் கூட்டினால் 230 தாள். கையால் தாள் வைக்கும் மெசினில் மணித்தியாலத்துக்கு 200 என்பது நிதானமான வேகம், எனவே இன்னும் ஒன்றேகால் மணித்தியாலம். கழுவித் துடைக்க 40 நிமிடம். ஓர் ஓட்டத்துக்கு மூன்று மணித்தியாலத்துக்கு மேல் வருகிறது. முதல் நிறம் காயாமல் இரண்டாவதை ஏற்ற முடியாது. கொழும்பின் ஈரப்பதத்தில் எண்ணெய் மைக்கு ஒரு முழு நாள் விடுவது நல்லது. வெட்டுவது, மடிப்புக்கோடு போடுவது, எண்ணிக் கட்டுவது இதில் சேரவில்லை. "ஒரு காலை" என்று சொன்னது நான்கைந்து நாளாகிவிடும்.

ஆகவே வேலையை இப்படி அளக்கப் பழகுங்கள்: ஒரு பாடசாலைக் காலைக்கு ஓர் ஓட்டம். பாடசாலை 7.30க்குத் தொடங்கி 1.30க்கு விடுகிறது. வீட்டு வேலை முடித்து 8.30க்கு மெசினுக்கு வந்தால், 12 மணிக்குக் கழுவத் தொடங்கியாக வேண்டும். 10.30க்கும் ரெஜிஸ்டர் விழவில்லை என்றால் அன்று மை போடாதீர்கள். மை போடாத மெசினை அப்படியே விட்டுப் போகலாம். எத்தனை தாள் பெக்கிங் வைத்தீர்கள், எந்த மூலையில் மெல்லிய தாள் ஒட்டினீர்கள் என்பதைப் பென்சிலால் எழுதி அந்த வேலையின் உறைக்குள் போட்டு வையுங்கள். அடுத்த நாள் திரும்பவும் முதலில் இருந்து தொடங்க வேண்டியதில்லை.

மையைத் தெரிவதிலும் இதைக் கவனிக்க வேண்டும். ரப்பர் அடிப்படை மை மெசினில் நீண்ட நேரம் காயாமல் இருக்கும். இடையில் பிள்ளைக்குக் காய்ச்சல், வந்து கூட்டிப் போங்கள் என்று பாடசாலையில் இருந்து அழைப்பு வந்தால் உங்களைக் காப்பாற்றுவது அதுதான். பூச்சில்லாத பருத்திக் கடதாசிக்கு அது நன்றாக ஒத்துவரும். பளபளப்பான கடதாசிக்கு வேண்டாம், உறிஞ்ச இடமில்லாமல் நாட்கணக்கில் கையில் ஒட்டும்.

கிழமைக்கு ஐந்து காலை இருக்கிறது என்று ஐந்து ஓட்டம் ஏற்றுக்கொள்ளாதீர்கள். நான்கு போதும். ஐந்தாவது காலை காய்ச்சலுக்கும் பெற்றோர் கூட்டத்துக்கும் பழுதாகிப்போன பிளேட்டுக்கும். மாதா மாதம் வரும் போயாவில் பாடசாலை இல்லை, அன்று ஓட்டம் வைப்பது பிள்ளைகளுக்கும் நியாயமில்லை, காட்டுக்கும் நியாயமில்லை.

கல்யாண மாதத்தைப் பார்த்து ஓய்வைத் தீர்மானிப்பது

ஆடியில் முகூர்த்தம் இல்லை, ஆகவே ஆடியில் ஊருக்குப் போகலாம் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அச்சடிப்பவரின் நாட்காட்டி கல்யாண நாட்காட்டிக்கு ஒன்றரை மாதம் முன்னால் ஓடுகிறது. ஆவணி தொடக்கத்தில் முகூர்த்தம் என்றால் காட் ஆனி முடிவதற்குள் கைக்குப் போக வேண்டும். ஆடியில் காட்டைக் கைநீட்டி வாங்க விரும்பாத வீடுகளும் உண்டு. ஆவணிக் கடைசி முகூர்த்தங்களின் காட் ஆடி நடுவில்தான் மெசினில் இருக்கும். உண்மையில் மூச்சுவிடக் கிடைப்பது ஆடியின் கடைசி நாட்களும் ஆவணியின் தொடக்கமும்தான்.

மிக இறுக்கமான காலம் கார்த்திகை. தை முகூர்த்தக் காட்களை மார்கழி பிறக்குமுன் கேட்பார்கள். நத்தார் வாழ்த்து, புதுவருட நாட்காட்டி எல்லாம் அதே நாட்களில் வரும். ஒக்டோபர், நவம்பர் மழையில் மை காய்வதும் மந்தம். வழமையாக ஆண்டிறுதிப் பரீட்சையும் அந்நேரம்தான். இந்த மாதத்துக்கான ஓடரை ஐப்பசி நடுவிலேயே நிறுத்திவிடுங்கள். சித்திரைப் புதுவருடத்தையொட்டிப் புறக்கோட்டைக் கடைகள் பூட்டுவார்கள், பிளேட் செய்யும் இடத்தில் ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். வைகாசிக் கல்யாணத்துக்கான கடதாசியை மலிபன் வீதியில் ஏப்ரல் முதல் வாரத்துக்குள் வாங்கி வைத்துவிட வேண்டும்.

நாட்காட்டியில் முதலில் எழுத வேண்டியது புலமைப்பரிசில் பரீட்சை, கோவில் திருவிழா, குடும்பத்துத் திவசம், போயா நாட்கள். ஓடர்கள் மிச்சக் கட்டங்களுக்குள் வரட்டும்.

படுக்கையறையில் கடதாசி

வீட்டில் ஏசி உள்ள அறை ஒன்றுதான், அதுவும் படுக்கையறை. நல்ல கடதாசியை அங்கே வைத்தால் பூஞ்சணம் பிடிக்காது என்று பிள்ளையின் கட்டிலுக்குக் கீழே அடுக்குவார்கள். இடமும் போகிறது, வேலையும் கெடுகிறது. கடதாசி ஈரத்தைக் குடித்தால் நார்ப்போக்குக்குக் குறுக்காக விரியும், ஈரம் போனால் சுருங்கும். முதல் நிறத்தை முன்னறையில் அடித்து, இரவு ஏசி அறையில் வைத்து, அடுத்த நாள் வெளியே கொண்டுவந்து இரண்டாம் நிறம் அடித்தால் ஒரு பக்கம் பொருந்தும், மறுபக்கம் விலகி நிற்கும். மெசினில் பிழை தேடிப் பயனில்லை. கடதாசி முழுவதும் மெசின் இருக்கும் அறையிலேயே, வெட்டுமுன் இரண்டொரு நாள் இருக்கட்டும். ஓட்டங்களுக்கு இடையில் மை தொட்டுப் பார்த்து ஒட்டாத நிலைக்கு வந்ததும் பொலித்தீனால் சுற்றி வையுங்கள். குசினிச் சுவருக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம்.

பிள்ளை நடமாடும் வீடு என்பதை மறப்பது

பழைய அச்சகங்களில் இருந்து ஈய எழுத்துகளை ஆசையோடு வாங்கி வருகிறவர்கள் உண்டு. அந்த எழுத்து ஈயம், அந்திமனி, வெள்ளீயம் கலந்த வார்ப்பு. ஈரமான இடத்தில் கிடந்த எழுத்தில் வெள்ளைத் தூள் படிந்திருந்தால் அது ஈயத்தின் அரிப்பு, தூசியாகப் பறக்கும். பிள்ளைகளின் இரத்தத்தில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்பதே உலக சுகாதார அமைப்பின் நிலைப்பாடு. தும்புத்தடியால் கூட்டாதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள். வேலைச் சட்டையை மாற்றி, முழங்கை வரை சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகே பிள்ளையைத் தூக்குங்கள். அந்த அறையில் தேநீர்க் கோப்பைகூட வேண்டாம். கைக்குழந்தை உள்ள வீட்டிலும் கர்ப்பிணி உள்ள வீட்டிலும் ஈயமில்லாத பிளாஸ்டிக் வகைப் பிளேட்டான போட்டோபொலிமரோடு நின்றுவிடுவதே சரி என்பது எங்கள் உறுதியான கருத்து. ஈய எழுத்தின் அழகு எங்கும் போய்விடாது, பிள்ளை வளரட்டும்.

மண்ணெண்ணெய் இதைவிட அவசரமானது. ரோலர் கழுவ வைத்திருக்கும் மண்ணெண்ணெயைக் குடிபானப் போத்தலில் ஊற்றி வைக்கவே கூடாது. தாகத்தோடு ஓடிவரும் பிள்ளைக்கு அது தண்ணீர். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் போவதுதான் பெரிய ஆபத்து. 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள், அல்லது நேரே பொரளை சிறுவர் வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். ரோலரை முதலில் தேங்காயெண்ணெயால் அல்லது வேறு சமையல் எண்ணெயால் துடைத்து மையை இளக்கிவிட்டால் மண்ணெண்ணெய் கொஞ்சம்தான் தேவைப்படும்.

துடைத்த பழந்துணியைச் சுருட்டி மூலையில் போடுவது இன்னொரு பழக்கம். ஆளி எண்ணெய் சேர்ந்த மை காயும்போது சூடு வெளிவிடும். குவிந்து கிடக்கும் துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறித் தானாகவே தீப்பிடிக்கலாம், அதுவும் எல்லோரும் நித்திரையாக இருக்கும் நேரத்தில். மூடியுள்ள இரும்பு வாளியில் தண்ணீருக்குள் அமிழ்த்தி வையுங்கள். மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், திறந்த வாளி டெங்கு நுளம்புக்குத் தொட்டில்.

இரவு வேலையைப் பற்றியும் இங்கேயே சொல்ல வேண்டும். பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு 10 மணிக்கு மெசினை ஓட்டுவது சுறுசுறுப்புப் போலத் தெரியும். தாளை இரு தட்டுகளுக்கு இடையில் அழுத்தி மூடும் பிளேட்டன் மெசின், கை உள்ளே இருக்கிறதா என்று பார்த்து மூடுவதில்லை. விரல் நசுங்குவது களைத்த நேரத்தில்தான். சேலைத் தலைப்பு, சால்வை, அவிழ்த்துவிட்ட கூந்தல், வளையல் எதுவும் மெசினுக்குப் பக்கத்தில் வரக்கூடாது. இரவு மஞ்சள் பல்ப் வெளிச்சத்தில் கலந்த குங்குமச் சிவப்பு காலையில் வேறு நிறமாக நிற்கும் என்பதும் சேர்த்தி. இரவில் செய்யக்கூடியது மடிப்பது, எண்ணுவது, உறைக்குள் போடுவது. அதுவும் 9.30 வரைக்கும்.

எல்லோரோடும் எந்நேரமும் கதைப்பது

மாப்பிள்ளை ரொறன்ரோவில், மாமா லண்டனில், பெண்ணின் அம்மா தெஹிவளையில். மூவரும் வட்ஸ்அப்பில் தனித்தனியாகத் திருத்தம் அனுப்புவார்கள். ரொறன்ரோவில் காலைத் தேநீர் குடிக்கும் நேரம் இங்கே பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுக்கும் நேரம். கோடையில் அவர்களுக்கு இரவு 9.30 ஆகும்போது இங்கே அடுத்த நாள் காலை 7 மணி. பாடசாலை வான் போன பிறகு கிடைக்கும் அந்த அரை மணித்தியாலத்தை ரொறன்ரோ அழைப்புக்கு ஒதுக்கிவிடுங்கள், இரு பக்கத்துக்கும் வசதி. குளிர்காலத்தில் அங்கே 8.30 ஆக இருக்கும், அதுவும் பரவாயில்லை. புரூப்புக்கு, அதாவது அச்சடிக்குமுன் காட்டும் சரிபார்ப்புப் பிரதிக்கு, சம்மதம் சொல்ல ஒரேயொருவர்தான் என்பதை முற்பணம் வாங்கும்போதே எழுத்தில் எடுங்கள்.

புரூப்பில் விட்ட பிழை ஒரு புது பிளேட்டையும் உங்கள் ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்துத் தின்னும். ஆங்கிலத் திகதி, கிழமை, தமிழ்த் திகதி மூன்றும் ஒத்துவருகின்றனவா என்று பாருங்கள். வாக்கிய பஞ்சாங்கமா திருக்கணிதமா என்று அந்த வீட்டாரிடம் கேட்டே பார்க்க வேண்டும், தமிழ்த் திகதி ஒரு நாள் முன்பின் ஆகலாம். பாமினி என்ற பழைய எழுத்துருவில் வந்ததை யூனிக்கோடுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறிப் போகும். ஆகவே எழுத்தை வடிவமாக மாற்றிய கோப்பில் இருந்துதான் புரூப் எடுத்து அனுப்ப வேண்டும், அதற்கு முந்தியதில் இருந்து அல்ல.

இன்னொன்று பலருக்குப் படுவதில்லை. போட்டோபொலிமர் பிளேட்டில் தனித்து நிற்கும் புள்ளி 1 பொயின்ற் (சுமார் 0.35 மில்லிமீற்றர்) விட்டத்துக்குக் குறைந்தால் பிளேட் கழுவும்போதே பிடிப்பில்லாமல் போய்விடக்கூடும். சின்ன எழுத்தில் மெய்யின் புள்ளி சரியாக அந்த அளவில்தான் இருக்கும். அதனால் 'குமார்' என்பது 'குமார' ஆகிவிடும், 200 காட்டிலும். மெல்லிய எழுத்துருவைத் தவிருங்கள், வேண்டுமென்றால் புள்ளியை மட்டும் பெரிதாக்குங்கள். பிளேட் கைக்கு வந்ததும் உருப்பெருக்கியை வைத்துப் புள்ளிகளை மட்டும் ஒரு தடவை வரிவரியாகப் பார்த்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலை.

அம்மம்மாவின் கை சும்மாதானே இருக்கிறது

மடிப்பும் உறையும் வீட்டாரின் தலையில் விழுவது வழக்கம். ஒரு தடவை உதவி, இரண்டாம் தடவை கடமை, மூன்றாம் தடவை மனக்கசப்பு. விலை போடும்போதே மடிப்புக்கும் கட்டுவதற்கும் மணித்தியாலக் கூலி சேருங்கள், செய்கிறவர் மனைவியோ மச்சாளோ யாராக இருந்தாலும் அந்தக் காசு அவர் கைக்குப் போகட்டும். அந்தக் கூலியை விலையில் சேர்த்தால் வேலை கட்டுப்படியாகவில்லை என்றால், விலை பிழை. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்து தனி வங்கிக் கணக்குத் திறந்துவிட்டால், முற்பணம் பால்மாவுக்கும் ரியூசனுக்கும் கரைந்து, கடதாசி வாங்கக் கடன்படும் நிலை வராது. முற்பணம் பாதி என்பது கடதாசியும் பிளேட்டும் அதற்குள் அடங்கத்தான்.

மாற்று ஆள் இல்லாமல் ஓடுவது

வீட்டில் ஒருவர் டெங்குவில் படுத்தால் ஒரு கிழமை போய்விடும். கல்யாணம் காத்திருக்காது. கொட்டாஞ்சேனையிலோ மருதானையிலோ பழைய ஹைடல்பேர்க் பிளேட்டன் வைத்திருக்கும் ஒருவரோடு முன்கூட்டியே கதைத்து, ஓர் ஓட்டத்துக்கு என்ன கூலி என்று பேசி வையுங்கள். வேலை இல்லாத ஒரு நாளில் ஒரு சின்ன வேலையை அங்கே அடித்துப் பார்ப்பது நல்லது. பிளேட்டின் தடிப்பும் அது உட்காரும் உலோக அடித்தட்டின் உயரமும் சேர்ந்து ஈய எழுத்துக் கட்டையின் நிலையான உயரமான 0.918 அங்குலத்துக்கு வர வேண்டும். அவரிடம் இருக்கும் அடித்தட்டு வேறு தடிப்புப் பிளேட்டுக்கானதாக இருக்கலாம், ஆகவே உங்களுடையதையே சேர்த்துக் கொடுத்தனுப்புங்கள். பிளேட்டுகளைக் காற்றுப் புகாத பையில் போட்டு, எந்த நிறத்துக்கு எது என்று மேலே எழுதி, கலந்த மையில் கொஞ்சத்தைச் சின்ன டின்னில் அடைத்து, சம்மதித்த புரூப்போடு ஒரே பெட்டியில் வைத்திருந்தால், வீட்டில் யார் வேண்டுமானாலும் அதை ஓட்டோவில் ஏற்றி அனுப்பிவிடலாம்.