ஸ்டேக்கும் வெற்றிலையும்: தணலில் வைப்பதற்கு முன்பே நடந்துவிடும் தவறுகள்

மாட்டிறைச்சியை வெற்றிலையோடு சேர்த்துச் சுடுவது வியட்நாமில் வீதிதோறும் கிடைக்கும் உணவு. அங்கே பயன்படுவது 'லா லோட்' என்ற காட்டு வெற்றிலை. நாம் மெல்லும் வெற்றிலை அதற்கு நெருங்கிய உறவு. ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் சில்வர் ஓக் மரத்தைப் பற்றி ஏறும் மிளகுக் கொடியும் அதே பைப்பர் பேரினம்தான். மலையில் மிளகு, கீழே பரமத்தி வேலூரில் வெற்றிலைத் தோட்டங்கள். இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற சேலத்துக்காரர்கள் ஸ்டேக்குக்கு (கனமாக அறுத்துச் சுடும் இறைச்சித் துண்டு) புட்டியில் அடைத்த சாஸைத் தேடிப் போக வேண்டியதே இல்லை. ஆனால் செய்து பார்த்த பலரும் "வெற்றிலை கசக்கிறது, கறி ரப்பர் போல் இருக்கிறது" என்று விட்டுவிடுகிறார்கள். கசப்புக்கும் ரப்பருக்கும் தனித்தனிக் காரணங்கள் உண்டு.

முதலில் கசப்பு. வெற்றிலையை இஞ்சி, பூண்டோடு சேர்த்து அரைத்து, கறியில் தடவி, ராத்திரி முழுக்க ஊறவைப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. மிளகுக்குப் பொருந்தும் முறை வெற்றிலைக்குப் பொருந்தாது. மிளகின் காரம் பைப்பரின் என்ற பொருளிலிருந்து வருகிறது. அது எளிதில் ஆவியாகாது, சூட்டைத் தாங்கும். வெற்றிலையின் காரமும் மணமும் யூஜினால், சவிபெட்டால் போன்ற எண்ணெய்ப் பொருள்களில் இருக்கின்றன. கிராம்பில் நாக்கை மரக்கவைக்கும் அதே யூஜினால்தான். இவை காற்றிலும் சூட்டிலும் பறந்துவிடும். அரைத்த விழுது சிறிது நேரத்திலேயே கறுக்கத் தொடங்கும். தணலில் பட்டதும் கருகி, துவர்ப்பும் கசப்பும் மட்டுமே மிஞ்சும். ஆகவே ஊறவைக்கும்போது மிளகு; கடைசியில் வெற்றிலை. இந்த ஒன்றை மாற்றிக்கொண்டாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

இலையைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். வெள்ளைக்கொடி மென்மையானது, காரம் குறைவு. கறியைச் சுற்றிச் சுடுவதற்கு ஏற்றது. கற்பூர வெற்றிலைக்கு மணமும் உறைப்பும் அதிகம்; அதைப் பொடியாக நறுக்கி வெண்ணெயில் சேர்க்கலாம். முற்றிய இலை இரண்டுக்குமே ஆகாது, வாயில் சக்கையாக நிற்கும். காம்பையும் நடு நரம்பையும் கிள்ளிவிடுங்கள். ஒரு கவுளி வாங்க வேண்டியதில்லை; அரைக் கிலோ கறிக்கு நாலைந்து கொழுந்து போதும்.

இனி ரப்பர். காலையில் வெட்டிய கறியை மதியமே சுடுவதுதான் இதற்குப் பெரிய காரணம். நம் ஊரில் 'புதுக்கறி' என்பது பெருமைக்குரிய சொல். குழம்புக்கு அது சரி, ஸ்டேக்குக்குச் சரியில்லை. மாட்டை அறுத்த சில மணி நேரத்தில் தசை விறைத்துக்கொள்ளும். அந்த விறைப்பு தளர ஒரு நாளுக்கு மேல் ஆகும். அதன் பிறகு தசையில் உள்ள நொதிகளே நாரை மெல்ல இளக்கும். கறிக்கடையில் 'அண்டர்கட்' (முதுகெலும்புக்கு அடியில் இருக்கும் மென்மையான கறி) என்று சொல்லி, துண்டு போடாமல் முழுதாக வாங்குங்கள். ஈரத்தைத் துடைத்து, ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் வைத்து, பிறகு ஓர் அங்குலக் கனத்தில் அறுங்கள். இங்கே கிடைப்பது பெரும்பாலும் இறைச்சிக்கென்று வளர்க்கப்படாத, வயதான மாட்டின் கறி. தொடைக் கறியை வாங்கிவிட்டு அண்டர்கட்டின் மென்மையை எதிர்பார்த்தால் எந்த மசாலாவும் கைகொடுக்காது.

பொறுமை இல்லாதவர்கள் பப்பாளிக்காயை நம்புகிறார்கள். அதிலுள்ள பாப்பைன் என்ற நொதி உண்மையிலேயே வேலை செய்யும். ஆனால் மேற்பரப்பில்தான் செய்யும். ராத்திரி முழுக்க விட்டால் வெளிப்புறம் கூழாகும், உட்புறம் பழையபடியே இருக்கும். அரைக் கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் விழுது, அரை மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். எலுமிச்சைச் சாறும் அப்படித்தான். மணிக்கணக்கில் ஊறினால் வெளிப்புறம் வெளுத்து வறண்டுபோகும். எனக்குப் பிடித்தது எளிய வழி: ஒரு டீஸ்பூன் உப்பு, இடித்த மிளகு, கொஞ்சம் கடலை எண்ணெய். உப்பு முதலில் தண்ணீரை வெளியே இழுக்கும். பிறகு அந்த நீரே உப்போடு உள்ளே திரும்பும். அதற்கு முக்கால் மணி நேரமாவது வேண்டும். பத்து நிமிடத்தில் எடுத்துச் சுட்டால் கறி நீர் கோத்த நிலையில் தணலுக்குப் போகிறது.

அந்த ஈரம்தான் அடுத்த எதிரி. கறி சிவந்து மணக்க மேற்பரப்பு ஏறக்குறைய 140 டிகிரி செல்சியஸுக்குப் போக வேண்டும். 1912-இல் இந்த வினையை விளக்கிய பிரெஞ்சு வேதியியலாளர் மயாரின் பெயரிலேயே அது வழங்குகிறது. மேலே தண்ணீர் நிற்கும்வரை சூடு 100-ஐத் தாண்டாது. கறி வேகும், சுடாது. கம்பியில் வைக்கும் முன் மசாலாவை வழித்துவிட்டு, துணியால் ஒற்றி எடுங்கள். வீணாகிறதே என்று வருத்தப்பட வேண்டாம். எப்படியும் கருகிப்போகும் தூளைத்தான் எடுக்கிறீர்கள்.

சீமைக் கருவேலங்கரி நன்றாக நின்று எரியும். ஏற்காட்டு மூடுபனியில் கரி ஈரம் ஏறிக்கொள்ளும் என்பதால் மூடி வையுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைக்கவே கூடாது. சுவாலை அடங்கி, கரிமேல் சாம்பல் படர்ந்த பிறகே கறியை வைக்க வேண்டும். ஓர் அங்குலத் துண்டுக்குப் பக்கத்துக்கு நான்கைந்து நிமிடம். உள்ளே இரத்தச் சிவப்பாக இருந்தால்தான் ஸ்டேக் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். நடுவில் 63 டிகிரி வந்து, இறக்கி மூன்று நிமிடமாவது ஆற வேண்டும். சமையல் வெப்பமானி ஒன்று வாங்கிவிட்டால் ஊகிக்க வேண்டியதில்லை.

அந்த ஆறும் நேரம்தான் வெற்றிலையின் நேரம். கற்பூர வெற்றிலையை நூல் போல அரிந்து, இரண்டு மேசைக்கரண்டி வெண்ணெயில் பிசைந்து, சூடான துண்டின்மேல் வையுங்கள். வெண்ணெய் உருகி வழியும்போது பச்சை நிறம் மாறாமல் இலை லேசாக வாடும். உறைப்பு அப்படியே நிற்கும். வியட்நாம் முறையில் செய்வதானால், கொத்துக்கறியை வெள்ளைக்கொடியில், பளபளப்பான பக்கம் வெளியே இருக்கும்படி விரல் கனத்துக்குச் சுருட்டி, எண்ணெய் தடவி, தணலின் ஓரத்தில் புரட்டிப் புரட்டி எடுங்கள். கொத்துக்கறிக்கு 71 டிகிரி அவசியம்.

முழுத் துண்டை அறுக்கும்போது நார் ஓடும் திசையைப் பார்த்து, அதற்குக் குறுக்கே கத்தியை வையுங்கள். நாரின் போக்கிலேயே அறுத்தால், இரண்டு நாள் காத்து இளக்கிய கறிகூட வாயில் இழுபடும்.