எட்டடி விரியன் என்று அடித்தது எதை?

மாரி தொடங்கினால் எங்கள் வளவுகளில் பொல்லுக்கு வேலை வந்துவிடும். சுவரோரம் வரி போட்ட பாம்பொன்று ஊர்ந்தால் "எட்டடி விரியன்!" என்று ஒரு சத்தம், அப்புறம் ஒரே அடி. எட்டடி விரியன் என்பது கட்டுவிரியன், கொடிய விஷப்பாம்பு. செத்துக் கிடப்பது பல நேரம் வெள்ளிக்கோல் வரையன். விஷமில்லாதது. பல்லி பிடிக்கத்தான் சுவரில் ஏறுகிறது. இதற்குக் கழுத்துப் பக்கம் பட்டை தடித்திருக்கும், வாலை நோக்கி மங்கும். விரியனுக்கு மறுவளம்: தலைப்பக்கம் மங்கல், வால் பக்கம் தெளிவு, வரிகள் பெரும்பாலும் இரண்டிரண்டாக.

சரி, இதைப் படித்துவிட்டுக் கையால் தூக்கப் போகாதீர்கள். டோர்ச் வெளிச்சத்தில் ஓடுகிற பாம்பின் வரியை யார் பார்ப்பது? விரியன் கடித்தால் வலியோ வீக்கமோ பெரிதாக இராது. நிலத்தில் பாய் போட்டுப் படுத்தவர் "எறும்பாக்கும்" என்று திரும்பிப் படுப்பார். விடியும்போது கண் இமை தூக்க முடியாது. அந்த விரியனுக்கும் ஒரு வேலை உண்டு, மற்றப் பாம்புகளைத் தின்பது.

புடையன் (கண்ணாடி விரியன் என்ற விஷப்பாம்பு) விஷயத்தில் தவறு இரண்டு பக்கமும் நடக்கும். எலி தின்னும் மண்ணுளிப் பாம்பு, உடம்பில் திட்டுத் திட்டாக இருப்பதால் புடையனென்று அடிபடும். அதைவிட மோசம், புடையனை மலைப்பாம்புக் குட்டியென்று தூக்குவது.

எனக்குப் பாவமாகத் தெரிவது புழுப்பாம்புதான். கிணற்றடியிலோ குளியலறை ஓட்டையிலோ வரும். ஈர்க்கைவிடக் கொஞ்சம் தடிப்பு, ஒரு சாண்கூட இல்லை. மண்புழுவென்று நினைத்து உப்புப் போடுவார்கள், பாம்பென்று தெரிந்தால் கொதிதண்ணீர். குனிந்து பாருங்கள்: மண்புழுவின் வளையங்கள் இல்லை, மினுங்கும் செதில், நுனியில் நாக்கு வந்து வந்து போகும். எறும்பு, கறையான்களின் முட்டையும் குடம்பியும்தான் சாப்பாடு. இந்த இனத்தில் எல்லாமே பெண். ஆண் இல்லாமலே முட்டையிடும். ஒன்றே ஒன்று பூச்சாடி மண்ணோடு போனாலும் போதும், போன இடத்தில் குடும்பம் பெருகிவிடும். அப்படியே உலகம் சுற்றிவிட்டது.

கடித்த பாம்பை அடித்து, பையில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுவதும் வேண்டாத வேலை. இங்கே இலங்கையில் கொடுக்கும் இந்திய விஷமுறிவு மருந்து நாகம், எட்டடி விரியன், புடையன், சுருட்டை நான்குக்கும் ஒன்றே. எட்டி நின்று ஒரு படம் எடுக்க முடிந்தால் எடுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிட்டு 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். வெட்டுப்பட்ட தலைகூடக் கொஞ்ச நேரம் கடிக்கும்.