வேலைச்சுமை கூடியதால் வந்த உடல் பாதிப்புக்கு இழப்பீடு கேட்பது எப்படி

கீழே விழுந்து கை ஒடிந்தால் தேதி, இடம், சாட்சி எல்லாம் இருக்கும். கூடுதல் வேலையால் மெல்ல மெல்ல வரும் தோள்வலிக்கோ மணிக்கட்டு மரத்துப்போவதற்கோ அவை எதுவும் இருக்காது. அங்கேதான் பல கோரிக்கைகள் தள்ளுபடியாகின்றன.

வலி விடாமல் தொடர்ந்தால் மேலாளரிடம் வாயால் சொல்லி விட்டுவிடாதீர்கள். மின்னஞ்சலில் எழுதி, நகலை வீட்டில் வையுங்கள். இது வேலையால் வந்தது என்று உங்களுக்குத் தெரிந்த, அல்லது தெரிந்திருக்க வேண்டிய நாளைப் பல சட்டங்கள் கணக்கில் கொள்கின்றன; பெரும்பாலும் அது மருத்துவர் சொன்ன நாளாக இருக்கும். நிறுவனத்துக்குத் தெரிவிப்பதற்கான கெடு அன்றிலிருந்தே ஓடத் தொடங்கலாம். உங்கள் ஊர்ச் சட்டத்தின் கெடுவை அன்றே விசாரியுங்கள்.

வழக்கின் உயிர்நாடி, வேலை மாறியதற்கான கணக்கு. "வேலை அதிகம்" என்று எழுதினால் எடுபடாது. "மார்ச் வரை ஒரு ஷிஃப்டில் 80 பெட்டி, இருவர் தூக்கினோம், ஏப்ரலிலிருந்து 140 பெட்டி, ஒவ்வொன்றும் 18 கிலோ, நான் மட்டும், தோளுக்கு மேல் அடுக்குகிறேன்" என்பதுபோல எழுதுங்கள். பணிப் பட்டியல், ஓவர்டைம் பதிவு, ஆள் குறைத்த சுற்றறிக்கை ஆகியவற்றையும் சேர்த்து வையுங்கள்.

இந்தக் கணக்கை எழுதிய தாளை மருத்துவரிடமும் கொடுங்கள். அறிக்கையில் வெறும் "தோள்வலி" போதாது. நோயின் பெயரும், அதற்கு எந்த அசைவு காரணம் என்பதும் வேண்டும். பழைய வலி இருந்தால் மறைக்காதீர்கள், பழைய மருத்துவக் குறிப்பில் அது வெளிவந்துவிடும். இருந்த நோயை வேலை மோசமாக்கியது என்றாலும் பல இடங்களில் இழப்பீடு உண்டு.

மறுப்புக் கடிதம் வந்தால் காரணத்தையும் மேல்முறையீட்டுக் கெடுவையும் முதலில் பாருங்கள். மருத்துவச் சான்று போதவில்லை என்றிருந்தால், விரிவான அறிக்கையோடு மேல்முறையீடு செய்யுங்கள்.