வலிக்குளிசையும் வல்லாரைக் கஞ்சியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் பாதிப் பேருக்கு முழங்கால் நோ. பாமசியில் டைக்குளோபெனாக் வலிக்குளிசை அட்டை ஒன்று, காலையில் வல்லாரைக் கஞ்சி ஒரு கோப்பை. கேட்டால், "கஞ்சி குடிக்கிறன்தானே, குளிசை வயித்தை ஒண்டும் செய்யாது" என்பார்கள். பெரிய தவறு இதுதான்.

டைக்குளோபெனாக், இபுபுரூபன், அஸ்பிரின் எல்லாம், உடலில் வலியையும் வீக்கத்தையும் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உருவாவதைத் தடுத்துத்தான் வலியைக் குறைக்கின்றன. 1971இல் இதைக் காட்டிய பிரித்தானிய மருந்தியலாளர் ஜோன் வேனுக்கு 1982இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இரைப்பைச் சுவரின் சளிப்படலத்தையும் இரத்த ஓட்டத்தையும் காப்பதும் அதே புரோஸ்டாகிளாண்டின்தான். அது குறைந்தால் அமிலம் சுவரை அரிக்கும். கூடவே, தீவிரமாகத் தாக்கும் ஒட்சிசன் மூலக்கூறுகளால் வரும் ஒட்சியேற்றச் சேதமும் சேரும். வல்லாரை போன்ற தாவரங்களிலுள்ள அன்டிஒக்சிடன்ட்கள் முக்கியமாக மல்லுக்கட்டுவது இந்தக் கடைசிச் சேதத்தோடு. குறைந்துபோன புரோஸ்டாகிளாண்டினைக் கஞ்சி திருப்பிக் கொண்டுவந்துவிடும் என்று நம்பியிருக்க முடியாது.

மஞ்சளின் குர்குமினும் வெங்காயத்தின் குவர்செட்டினும் எலிகளின் வயிற்றுப் புண்ணைக் குறைத்தது உண்மை. ஆனால் அந்த ஆய்வுகளில் பெரும்பாலும் பிரித்தெடுத்த பொருளை, அளவு கூட்டி, வலி மருந்துக்கு முன்பே கொடுக்கிறார்கள். நாமோ எரிவு தொடங்கிய பிறகு மஞ்சள் பால் தேடுகிறோம். மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான்.

அடுத்தது அதிமதுரம். புறக்கோட்டைச் சரக்குக் கடையில் வாங்கி மாதக்கணக்கில் அவித்துக் குடிப்பவர்கள் உண்டு. அதிலுள்ள கிளிசிரைசின் பிரஷரை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும். வலிக்குளிசையும் பிரஷரை ஏற்றக்கூடியது. இரண்டும் சேர்ந்தால்?

"ஊசி போட்டால் வயிற்றுக்குப் போகாது" என்பதும் பிழை. மருந்து இரத்தம் வழியாக வந்தும் அதே வேலையைச் செய்யும். இதயத்துக்கு அஸ்பிரின் எடுப்பவர் அதன்மேல் இபுபுரூபன் போடுவது இன்னும் மோசம். நீண்ட நாள் குளிசை தேவையென்றால் வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் வேண்டுமா என்று டொக்டரிடம் கேளுங்கள்.

கொழும்பில் மழைக்காலக் காய்ச்சலென்றால் இந்தக் குளிசைகளைத் தொடவே கூடாது. டெங்குவாக இருந்தால் இரத்தக்கசிவு கூடும். பரசிட்டமோல் மட்டும், அதுவும் அளவோடு.

இன்னொன்று: வலிக்குளிசை வயிற்று வலியையும் மறைத்துவிடும். எரிவே இல்லாமல் புண் இரத்தம் கசியலாம். மலம் தார் போல் கறுத்தால் கஞ்சியை வைத்துவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரும்புச்சத்துக் குளிசையாலும் கறுக்கும்தான், ஆனால் அதை வீட்டிலிருந்து தீர்மானிக்க வேண்டாம்.