எல்ஜின் பேலரைப் பற்றி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் பழைய வீரர்களைப் பற்றி எழுதத் தொடங்கும் இளைஞர்களின் கட்டுரைகளைத் திருத்தும்போது, நாங்கள் ஒரு காலத்தில் செய்த அதே பிழைகள் லேக்கர்ஸ் அணிக்கு ஆடிய எல்ஜின் பேலர் விஷயத்தில் வரிசை மாறாமல் வந்து நிற்பதைக் காண்கிறேன். பெயர்ப்பிழை, தேதிப்பிழை முதலியவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

1961–62 சீசனில் காயம் என்று எழுதுவது

அந்த சீசனில் பேலர் 48 ஆட்டங்களே ஆடினார். காரணம் காயமன்று, ராணுவப் பணி. வாஷிங்டன் மாநிலத்தின் ஃபோர்ட் லூயிஸ் முகாமிலிருந்து விடுப்புக் கிடைத்த நாள்களில் வந்து ஆடியே ஆட்டத்துக்குச் சராசரி 38.3 புள்ளிகள் எடுத்தார். அதே ஆண்டு இறுதிச் சுற்றின் ஐந்தாவது ஆட்டத்தில், எதிரணியின் ஊரான பாஸ்டனிலேயே, அவர் குவித்த 61 புள்ளிகளை இறுதிச் சுற்று ஆட்டம் எதிலும் இதுவரை எவரும் தாண்டவில்லை.

அவர் விலகியதால்தான் லேக்கர்ஸ் வென்றது என்பது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். 1971 நவம்பர் 4 அன்று பேலர் ஓய்வை அறிவித்தார். மறுநாள் தொடங்கி லேக்கர்ஸ் தொடர்ச்சியாக 33 ஆட்டங்களை வென்று, அந்த சீசனின் கோப்பையையும் கைப்பற்றியது. "பேலர் என்ற சுமை இறங்கியதும் அணி பறந்தது" என்று ஒரு இளைஞர் எழுதியிருந்தார். ஆதாரம் கேட்டபோது இந்த இரண்டு தேதிகளைத் தவிர அவரிடம் வேறொன்றும் இல்லை. காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை!

முந்தைய 1970–71 சீசனில் காயம் காரணமாகப் பேலர் ஆடியது இரண்டே ஆட்டங்கள். அவர் சுமை என்றால், அது அப்போதே இறங்கிவிட்டதே? ஆயினும் அணி 48 ஆட்டங்களை மட்டும் வென்று, மேற்குப் பிரிவின் இறுதியில் மில்வாக்கி அணியிடம் 4–1 எனத் தோற்றது. 1971இல் மாறியவை பல: பில் ஷார்மன் புதிய பயிற்சியாளராக வந்து, ஆட்ட நாள் காலையிலும் பயிற்சி வைத்து, எதிரணி சுதாரிக்கும் முன் ஓடி முடிக்கும் வேக ஆட்டத்தைக் கொண்டுவந்தார், முழங்கால் காயத்திலிருந்து ஜெர்ரி வெஸ்ட் திரும்பினார், வில்ட் சேம்பர்லின் புள்ளி எடுப்பதைக் குறைத்துக்கொண்டு தடுப்பாட்டத்தில் ஊன்றினார். பேலரின் இடத்தில் இளைஞரான ஜிம் மெக்மில்லியன் இறங்கியது உதவியது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், 37 வயதில் ஆடிய கடைசி ஒன்பது ஆட்டங்களை வைத்து, சராசரி 27.4 புள்ளிகளோடு முடிந்த ஒரு வாழ்க்கைக்குத் தீர்ப்பு எழுதுவது எந்த ஊர் நியாயம்?

புள்ளியை மட்டும் எண்ணுவது

ஆறடி ஐந்து அங்குல உயரமே இருந்தும், ஆட்டத்துக்குச் சராசரி 13.5 ரீபவுண்ட் (கூடைக்குள் விழாமல் திரும்பும் பந்தைக் கைப்பற்றுவது) எடுத்தவர் அவர்.

ஊரை மாற்றிச் சொல்வது

1960 வரை அவருடைய அணி மினியாபோலிஸ் லேக்கர்ஸ், அதன் பிறகே லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ்.

எட்டுத் தோல்வி என்பது

அவர் காலத்தில் லேக்கர்ஸ் எட்டு இறுதிச் சுற்றுகளில் தோற்றது உண்மை. ஏழு பாஸ்டனிடம், ஒன்று நியூயார்க்கிடம். ஆனால், 1965 இறுதிச் சுற்றில் பேலர் களமிறங்கவே இல்லை. அதற்கு முந்தைய சுற்றின் முதல் ஆட்டத்திலேயே அவருடைய முழங்கால் சில்லு உடைந்துவிட்டது.