கைக்குழந்தையோடு கிளிநொச்சிக்கு வரும் தமிழ்நாட்டு அம்மாக்களுக்கு

கணவரின் வேலைக்காகச் சென்னையிலிருந்து இலங்கையின் வடக்கே இருக்கும் கிளிநொச்சிக்கு வந்து எங்களுக்கு நாலு வருடம் ஆகிறது. வந்தபோது மகளுக்கு மூன்று வயது, மகனுக்கு ஏழு மாதம். எங்கே திரும்பினாலும் தமிழ்ப் பெயர்ப்பலகை, தமிழ்ப் பேச்சு. வெளிநாட்டில் இருக்கிறோம் என்பதே மறந்துபோகும். பிள்ளைகள் விஷயத்தில் அங்கேதான் தவறு நடக்கிறது.

முதல் வாரம் மகனுக்குச் சளி. பக்கத்து வீட்டு அம்மா வேலி ஓரமாக நின்று, "பிள்ளைக்கு வருத்தமோ?" என்று கேட்டார். "இல்லம்மா, சந்தோஷமாத்தான் இருக்கான்" என்றேன். இங்கே வருத்தம் என்றால் நோய். இரவு காய்ச்சல் ஏறிய பிறகு அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டினேன். அதேபோல் முன்பள்ளியிலிருந்து வந்து உங்கள் பிள்ளை "ரீச்சர் பேசினவ" என்றால், டீச்சர் திட்டினார் என்று பொருள். குழப்படி என்பது சேட்டை, நித்திரை என்பது தூக்கம், வளவு என்பது வீட்டைச் சுற்றிய இடம். சின்னக் குழந்தையைக்கூட "வாங்கோ, சாப்பிடுங்கோ" என்றுதான் பலர் கூப்பிடுவார்கள். நம் "வாடா, போடி" செல்லம் சிலர் காதில் கடுமையாக விழும்.

வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, உங்கள் பகுதியின் குடும்பநல உத்தியோகத்தரைக் கண்டுபிடிப்பது. ஊரில் மிட்வைஃப் என்று கேட்டால் போதும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலும் (இங்கே பணிமனை என்றால் அலுவலகம்) சொல்வார்கள். கிளினிக்கில் எடை பார்ப்பது, ஊசி போடுவது எல்லாம் இலவசம். எடை குறைந்த குழந்தைக்குத் திரிபோஷா என்ற சத்துமாவும் கொடுப்பார்கள். இந்தியாவில் போட்ட தடுப்பூசி அட்டையைக் கையோடு கொண்டு வாருங்கள், ஏனென்றால் இங்கே அட்டவணை வேறு. நம் ஊரில் 6, 10, 14 வாரத்தில் போடும் பென்டா ஊசி இங்கே 2, 4, 6 மாதத்தில். 12ஆம் மாதம் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி. எம்எம்ஆர் 9 மாதத்தில் ஒன்று, 3 வயதில் ஒன்று. எங்கள் மிட்வைஃப் வாசற்படியில் உட்கார்ந்து, அட்டையை மடியில் விரித்து, ஒவ்வொரு தேதியையும் இங்கத்திய கொப்பியில், அதாவது நோட்டில், எழுதினார். ரோட்டா சொட்டு மருந்து இங்கே அரசு அட்டவணையில் இல்லாததால் அதை ஓரத்தில் தனியாகக் குறித்தார். அந்த அரை மணி நேரம் எனக்கு எவ்வளவு தெம்பு கொடுத்தது தெரியுமா? வெளியூரில் என் பிள்ளையின் கணக்கை இன்னொருவரும் வைத்திருக்கிறார்!

விடுமுறைக்கு ஊருக்குப் போய் வந்த பிறகு காய்ச்சல் வந்தால், இந்தியாவிலிருந்து வந்ததை டாக்டரிடம் தவறாமல் சொல்லுங்கள். இலங்கை 2016இல் மலேரியா இல்லாத நாடு என்று சான்று பெற்றது. அது மீண்டும் நுழையக் கூடாது என்று, வெளியிலிருந்து வந்தவருக்குக் காய்ச்சல் என்றால் இரத்தப் பரிசோதனை செய்வார்கள். அவசரத்துக்கு 1990 ஆம்புலன்ஸ், அதுவும் இலவசம்.

கிணற்று நீரில் சுண்ணாம்பு அதிகம். தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தலின் (கெட்டிலின்) அடியில் வெள்ளையாகப் படியும். வவுனியாப் பக்கம் சிறுநீரக நோயும் இருப்பதால், குழந்தைக்கு வடிகட்டிய தண்ணீரையே எல்லோரும் வாங்குகிறார்கள். நீங்களும் வாங்குங்கள். தரையில் பாய் விரித்துத் தூங்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். கட்டுவிரியன் இரவில்தான் வரும். கட்டிலும் கொசுவலையும் வேண்டும்.

இன்னொன்று, மிக முக்கியமானது. போர் 2009இல் முடிந்தாலும் வன்னியில் கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் நடக்கிறது. மண்டை ஓடு வரைந்த சிவப்புப் பலகை இருக்கும் பக்கமே பிள்ளைகள் போகக் கூடாது. மழைக்குப் பிறகு மண் அரித்து எதுவும் வெளியே தெரியலாம். என் மகளுக்கு நான் சொல்லிக் கொடுத்தது இதுதான்: தொடாதே, எடுக்காதே, வந்த வழியே திரும்பி வந்து அம்மாவிடம் சொல். பெரியவர்கள் போலீஸ் அவசர எண்ணான 119க்கு அழைக்க வேண்டும்.

பள்ளி ஆண்டு ஜூனில் அல்ல, ஜனவரியில் தொடங்கும். முதலாம் வகுப்புக்கு ஜனவரி 31க்குள் 5 வயது முடிந்திருக்க வேண்டும். முந்தைய வருடமே வலயக் கல்விப் பணிமனையில் விசாரித்து வையுங்கள். விசா புதுப்பிக்கக் கொழும்புக்குப் பக்கத்தில் இருக்கும் பத்தரமுல்லை போக வேண்டும். பிள்ளைகளோடு அது இரண்டு நாள் வேலை.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். இடியப்பத்தில் காரம் இல்லாத பால் சொதியை (தேங்காய்ப்பால் குழம்பு) ஊற்றிப் பிசைந்து கொடுங்கள். இட்லிக்கு அடம்பிடிக்கும் குழந்தையும் சாப்பிடும்.

கடைசியாக, நம் ஊரில் பழகிய உடனே கேட்போமே, "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று. தயவுசெய்து இங்கே கேட்காதீர்கள். பலருக்கு அந்தக் கேள்விக்கு இரண்டு எண்ணிக்கை இருக்கிறது. பக்கத்து வீட்டு அம்மா தினமும் என் மகனைக் குளிப்பாட்டித் துவாயால் துடைத்துத் தருவார், நான் ஒன்றும் கேட்டதில்லை. இரண்டாவது வருடம் ஒரு நாள், அவன் தலையைத் துடைத்துக்கொண்டே, தன் மூத்த மகனின் பெயரைச் சொன்னார்.