ஒரே மரத்துண்டில் வில்: வளைவைச் சமன் செய்வது எப்படி

ஒட்டுப்பலகையோ கண்ணாடி இழையோ இல்லாமல் ஒரே மரத்துண்டில் வில் செய்ய ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் எப்படிச் செதுக்குவது என்றுதான் கேட்கிறார்கள். செதுக்குவது சுலபம். கைப்பிடிக்கு மேலே இருக்கும் பாதியும் கீழே இருக்கும் பாதியும் ஒரே சீராக வளையும்படி கொண்டுவருவதுதான் கடினம். டில்லரிங் என்பது அந்த வேலைதான், நேரத்தில் பெரும்பகுதியை அதற்கு ஒதுக்கிவிட்டு ஆரம்பியுங்கள்.

முதலில் மரம். யூ, ஓசேஜ், ஹிக்கரி, ஆஷ், எல்ம், ஓக் எல்லாமே வில்லுக்கு நல்ல மரங்கள். ஆனால் மரத்தின் பெயரைவிட நார் நேராக ஓடுகிறதா என்பதே முக்கியம். முடிச்சு, முறுக்கு, வெடிப்பு இருந்தால் முதல் வில்லுக்கு அதைத் தொடாதீர்கள். பச்சை மரமாக இருந்தால் பிளந்த உடனே இரண்டு முனைகளிலும் பெயின்டோ மரப்பசையோ தடவுங்கள், இல்லாவிட்டால் முனையிலிருந்து வெடித்துக்கொண்டே வரும். தோராயமாக வில் வடிவத்துக்குக் குறைத்துவிட்டு, வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் காயவிடலாம். அவ்வப்போது எடை போட்டுப் பாருங்கள், எடை குறைவது நின்றுவிட்டால் அந்த இடத்துக்கு எவ்வளவு காய முடியுமோ அவ்வளவு காய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஈரப்பதம் 8 முதல் 10 சதவீதத்துக்குள் வந்தால் நல்லது. ஈரம் இருக்கும்போது வளைத்தால் உடையாது, ஆனால் வளைந்தபடியே நின்றுவிடும்.

இலக்கைப் பார்க்கும் பக்கம் வில்லின் முதுகு, எய்பவரைப் பார்க்கும் பக்கம் வயிறு. வளைக்கும்போது முதுகு இழுபடுகிறது, வயிறு நசுங்குகிறது. அதனால் முதுகில் நார் எங்கேயும் அறுபடக் கூடாது. எல்ம், ஹிக்கரி, ஆஷ் போன்ற வெண்மரங்களில் பட்டையை உரித்ததும் கீழே வரும் பரப்பையே முதுகாக வைத்துக்கொள்ளலாம், அதில் கத்தி படவே வேண்டாம். ஓசேஜில் வெளிப்பக்க வெண்பகுதியை எடுத்துவிட்டு, வைரப் பகுதியில் ஒரே ஒரு ஆண்டு வளையத்தைப் பிடித்து, அது முனை முதல் முனை வரை அறுபடாமல் இருக்கும்படி சுரண்டிக்கொண்டே போக வேண்டும். பொறுமையைச் சோதிக்கிற வேலை, ஆனால் அந்த வளையத்தைக் கடந்து ஒரு இடத்தில் உள்ளே போய்விட்டால் பெரும்பாலும் அங்கேதான் உடையும்.

நாணை 28 அங்குலம் வரை இழுப்பவருக்கு 66 முதல் 68 அங்குல நீளமுள்ள வில் பாதுகாப்பானது. கைப்பிடிக்கு 4 அங்குலம், அதன் இரு பக்கமும் அகலத்துக்கு மெல்ல விரிந்துபோக 2 அங்குலம் விடுங்கள். வெண்மரம் என்றால் அகலம் 2 அங்குலம் வரை இருக்கட்டும், யூவுக்கும் ஓசேஜுக்கும் ஒன்றரையே போதும். ஒவ்வொரு பாதியிலும் அதன் நடுவரை ஒரே அகலம், அங்கிருந்து முனைக்கு அரை அங்குலமாகக் குறையும் வடிவம் முதல்முறைக்கு எளிது. டென்மார்க்கின் ஹோல்மகோர் சதுப்பில் கிடைத்த, சுமார் 9000 ஆண்டுகள் பழமையான எல்ம் வில்லும் அகலமாகத் தட்டையாகத்தான் இருக்கிறது, அந்த மரத்துக்கு அதுவே சரியான வழி.

இனி வயிற்றுப் பக்கம் மட்டும்தான் மரம் எடுக்க வேண்டும். தடிமனை மிகவும் கவனியுங்கள்: விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது, தடிமனில் பத்தில் ஒரு பங்கு போனால் விறைப்பில் கால் பங்குக்கும் மேலே போய்விடும். அதனால் ஆரம்பத்தில் மர அரம், வளைய ஆரம்பித்த பிறகு சுரண்டும் கருவி மட்டும்.

ஒரு முனையைத் தரையில் ஊன்றி, கைப்பிடியைப் பிடித்து அழுத்திப் பாருங்கள். இரண்டு பாதியும் கொஞ்சமாவது வளைந்தால் முனைகளில் நாண் மாட்டும் வெட்டைப் போட்டுவிட்டு, வில்லை வளைக்காமலே மாட்டும் அளவு நீளமான நாணைக் கட்டுங்கள். சுவரில் ஒரு கட்டையைப் பொருத்தி, கைப்பிடியை அதன்மேல் வைத்து, நாணிலிருந்து ஒரு கயிற்றைக் கீழே கப்பி வழியாகக் கொண்டுவந்து தள்ளி நின்று இழுத்தால் முழு வளைவும் கண்ணுக்கு நேரே தெரியும். உடைந்தால் சில்லு பறக்கும், அதனால் வில்லுக்கு நேர்கீழே நிற்கவே கூடாது. கயிற்றில் ஒரு தொங்கு தராசையும் மாட்டிவிடுங்கள்.

இங்கே ஒரு விதி இருக்கிறது, மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். உங்களுக்கு 40 பவுண்டு வில், அதாவது முழுதாக இழுக்க 40 பவுண்டு விசை தேவைப்படும் வில் வேண்டுமென்றால், முழு நீளம் இழுபடாவிட்டாலும் தராசு 40 காட்டியதும் நிறுத்த வேண்டும். வளைவில் கோணல் தெரிந்தால் அதற்கும் முன்பே, தெரிந்த அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். சரியில்லாத வளைவோடு மேலே இழுத்தால் பலவீனமான இடத்தின் நார்கள் நசுங்கிவிடும், பிறகு எவ்வளவு சுரண்டினாலும் அந்த இடம் தேறாது.

அதிகமாக வளையும் இடத்தில் கையே வைக்காதீர்கள். வளையாமல் விறைத்து நிற்கும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, அங்கே மட்டும் சுரண்டுங்கள். கண்ணுக்குப் பிடிபடவில்லை என்றால் 6 அங்குல நேர்கட்டை ஒன்றின் நடுவில் துளையிட்டுப் பென்சிலைச் செருகுங்கள். வில்லைக் கொஞ்சம் இழுத்து நிறுத்தி, மிக அதிகமாக வளைந்த இடத்தில் பென்சில் முனை மரத்தை மயிரிழையில் தொடாத அளவு வைத்து, வயிற்றின்மேல் கட்டையை நகர்த்திக்கொண்டே போனால், பென்சில் கோடு விழும் இடமெல்லாம் விறைப்பான இடம். கைப்பிடியை ஒட்டியும் முனைகளிலும் கோடு விழத்தான் செய்யும், அவற்றை விட்டுவிடுங்கள்.

ஒவ்வொரு முறை சுரண்டிய பிறகும் அப்போது எட்டியிருக்கும் அளவு வரை இருபது முப்பது தடவை இழுத்து, மெதுவாகத் தளர்த்துங்கள். எடுத்த மரத்தின் விளைவு உடனே முழுதாகத் தெரியாது, இழுத்த பிறகுதான் வெளியே வரும். இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் தேவைக்கு மேல் மரத்தை எடுத்துவிடுகிறார்கள்.

இரண்டு முனைகளும் சமமாக 6 அங்குலம் போல இறங்கியதும் நாணைக் குட்டையாக்கி மாட்டலாம். நாணுக்கும் கைப்பிடிக்கும் நடுவே முதலில் 3 அங்குலம் போதும், வளைவு நன்றாக இருந்தால் 5, 6 வரை கொண்டுபோகலாம். அப்புறம் அதே வேலைதான்: இழு, பார், குறி, சுரண்டு, மறுபடி பல தடவை இழு. ஒவ்வொரு சுற்றிலும் ஓர் அங்குலம் கூடினால் போதும். அம்பை இரு விரல்களுக்கு நடுவே பிடித்து எய்பவர் என்றால் கீழ்ப்பாதி மிகச் சிறிதளவு விறைப்பாக இருக்கலாம். இழுப்பு 26 அங்குலம் வந்ததும் உப்புத்தாள் மட்டும் போதும், மெருகேற்றும்போதே இரண்டு மூன்று பவுண்டு குறைந்துவிடும்.

முதுகின் ஓரங்களை உருட்டிவிட்டு எண்ணெய் பூசி முடியுங்கள். நாணைக் கழற்றியதும் ஒன்றரை அங்குலம் வளைந்து நின்றால் கவலை வேண்டாம், நல்ல வில்லுக்கும் அது வரும். அம்பு இல்லாமல் நாணை இழுத்துச் சட்டென்று விடவே கூடாது. எய்து முடித்ததும் நாணைக் கழற்றி வையுங்கள், உங்களைவிட நீளமான கை உள்ளவர் இழுத்துப் பார்க்கக் கேட்டால் 28 அங்குலத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.